சிறுதேரும் சிறுபுகைவண்டியும்

உழைக்கும் பொழுதில் ஒருவர் எத்தகையவர் என்பதை ஊரார் அறிவர். ஓய்ந்திருக்கும் பொழுதில் அவர் எத்தகையவர் என்பதை வீட்டார் அறிவர். ஓய்வுப் பொழுதைக் கழிக்கும் முறையைக் கொண்டு ஒருவரின் இயல்பை அளந்தறியலாம். ஒரு குடும்பத்தின் இயல்பையும் அவ்வாறே அளந்தறியலாம்.

இக்காலத்து இல்லம் ஒன்றினுள் இரவு எட்டு மணிக்கு நுழைந்து பாருங்கள். தந்தையார் கையில் ஒரு கைப்பேசி. தாயார் கையில் மற்றொன்று. பாடம் முடித்த பிள்ளையின் கையிலும் ஒன்று. பாட்டியார் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே. கூரை ஒன்று, விளக்கும் ஒன்று. ஆயினும் நால்வரும் நான்கு ஊர்களில் இருக்கின்றனர். அங்கே சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. கைப்பேசியைப் பழித்துப் பேசுவதனால் மட்டும் இக்குறை தீர்ந்துவிடாது. கையிலுள்ள பொருளைக் கீழே வை என்று சொல்பவர், அதனினும் இனிய வேறொன்றை அக்கையில் தருதல் வேண்டும். அங்ஙனம் தரத்தக்கவற்றுள் ஒன்று, வீட்டினுள் சிறிய இருப்புப்பாதை அமைத்து அதில் சிறுபுகைவண்டி ஓட்டும் கலையாகும். அதனை ஒரு சிறுவனுக்குரிய விளையாட்டாக அன்றி, குடும்பம் முழுமைக்கும் உரிய பொழுதுபோக்காகக் கொள்ளல் வேண்டும் என்பதே இங்கு யாம் கூற விழைவது.

சிற்றிருப்புப்பாதை என்பது யாது? மெய்யான இருப்புப்பாதையை ஒரே அளவில் சுருக்கி, மரப்பலகையின்மீது தண்டவாளம், இன்ஜின், பெட்டி, நிலையம், பாலம், கைகாட்டி ஆகியவற்றை எல்லாம் அமைத்து இயக்குவதாகும். கடையில் வாங்கித் தரையில் உருட்டிவிடும் பொம்மை வண்டி வேறு, இது வேறு. பொம்மை வண்டிக்கு வண்டி மட்டும் போதும். சிற்றிருப்புப்பாதைக்கோ ஓர் ஊரே வேண்டும். அவ்வூரைப் படைப்போர் வீட்டார்.

'இது மேல்நாட்டார் விளையாட்டு, நமக்கு ஏன்?' என்று சிலர் வினவக்கூடும். அவர்கள் நம் இலக்கியங்களைச் சிறிது புரட்டிப் பார்த்தல் நலம். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. பெரியோர் வாழும் இல்லத்தைச் சுருக்கினால் சிற்றில்; பெரியோர் முழக்கும் பறையைச் சுருக்கினால் சிறுபறை; பெரியோர் ஊரும் தேரைச் சுருக்கினால் சிறுதேர். இன்னும் முற்பட்ட பத்துப்பாட்டிலும் சிறுதேர் உண்டு. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் மூன்று உருளைகளையுடைய சிறுதேரை உருட்டி விளையாடுகின்றனர். பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் வீட்டுச் சிறுவரும் விரும்புமாறு செய்யப்பட்ட சிறுதேரை உருட்டிய குழந்தைகள், களைப்புத் தீரப் பால் பருகி உறங்குகின்றனர். உலகத்து ஊர்திகளைச் சிறியனவாகச் செய்து மகிழும் விருப்பம் தமிழர்க்குப் புதியதன்று. அன்று ஊர்தி தேராக இருந்தது. இன்று புகைவண்டியாக இருக்கின்றது. புகை போய்ப் பெயர் மட்டும் நிற்கும் இக்காலத்திலும் அதனைப் புகைவண்டி என்றே அழைக்கின்றோம். அப்பெயரில் ஒரு பழைய அன்பு ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

இவ்விடத்தில் ஒன்று கூறுதல் கடன். சிறுதேர்ப் பருவம் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கே உரியது. பெண்பாலுக்கு அதனிடத்தில் அம்மானையும் கழங்கும் ஊசலும் பாடப்பெற்றன. அஃது அக்காலத்து வழக்கு. ஆண்மகவுக்கு வண்டி, பெண்மகவுக்குச் சட்டி பானை என்று விளையாட்டுப் பொருளைப் பங்கிடும் வழக்கம் இன்றும் நம் கடைத்தெருவில் மறையவில்லை. இது தகாது. இந்திய இரயில்வேயில் 1980களின் இறுதியில் பணியேற்று, முதற்பெண் ஓட்டுநர் எனும் சிறப்பைப் பெற்ற சுரேகா யாதவ், 2023-ஆம் ஆண்டில் வந்தே பாரத் வண்டியையும் செலுத்தினார். மெய்யான வண்டியைப் பெண்கள் ஓட்டும் நாட்டில், சிறுபுகைவண்டியை ஓட்ட ஒரு சிறுமி தன் தம்பியிடம் அனுமதி கேட்டு நிற்றல் முறையாகுமா?

இக்கலைக்கு எம் ஊராகிய விருத்தாசலத்தைவிடப் பொருத்தமான ஊர் வேறொன்று உண்டோ என யாம் பலகால் எண்ணியதுண்டு. முதுகுன்றம் என்னும் பழந்தமிழ்ப் பெயரை வடமொழியில் விருத்தாசலம் என வழங்கினர். மணிமுத்தாற்றங்கரையில் திருக்கோயில் கொண்ட இம்மூதூர்க்கு இக்காலத்தில் இரு பெருமைகள் உண்டு. ஒன்று இருப்புப்பாதைச் சந்திப்பு. விழுப்புரம், திருச்சிராப்பள்ளி, சேலம், கடலூர் ஆகிய நான்கு திசைகளிலிருந்தும் வரும் பாதைகள் இங்கே கூடுகின்றன. மற்றொன்று பீங்கான் தொழில். பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசினர் கல்வி நிலையமும் பீங்கான் தொழிற்பேட்டையும் இங்கு உள்ளன. பொம்மைகளும் அகல்விளக்குகளும் மின்கருவிகளுக்கு வேண்டிய பீங்கான் உறுப்புகளும் இவ்வூர்ச் சூளைகளிலிருந்து வெளியூர்களுக்குச் செல்கின்றன. பாதையும் மண்ணும் ஒருங்கே அமைந்த ஊர் இது. சிற்றிருப்புப்பாதைக்கு வேண்டியனவும் இவ்விரண்டே.

நம் வீடுகளில் இக்கலை முன்னரே ஓரளவு குடியிருந்து வருகின்றது. அதனை நாம் அப்பெயரால் அழைப்பதில்லை, அவ்வளவே. நவராத்திரிக் காலத்தில் கொலு வைக்கும் இல்லங்கள் பலவற்றில், படிகளின் அருகே தரையில் மணலைப் பரப்பிப் பூங்கா அமைப்பர். கேழ்வரகும் கடுகும் தூவி நீர் தெளிக்கச் சில நாளில் அங்கே பசும்புல் தழைக்கும். குன்று ஒன்று எழும். குன்றின்மேல் கோயில் தோன்றும். அடியில் குளம் தேங்கும். அவற்றைச் சுற்றி ஒரு சிறுபுகைவண்டியும் ஓடும். கிறித்தவ இல்லங்களில் கிறித்துமசுக் காலத்தில் அமைக்கும் குடிலிலும் இத்தகைய மலையும் புல்வெளியும் மண்பொம்மைகளும் உண்டு. இங்கெல்லாம் பாட்டியார் விதை தூவுகின்றார். தாயார் பொம்மைகளை வரிசைப்படுத்துகின்றார். தந்தையார் விளக்குக் கம்பி இழுக்கின்றார். பிள்ளைகள் மணல் சுமக்கின்றனர். ஆண்டில் ஒருமுறை, ஒன்பது நாளேனும், வீட்டார் அனைவரும் ஒரே பொருளைச் சூழ்ந்து அமர்கின்றனர். விழா முடிந்ததும் பொம்மைகள் பெட்டிக்குள் செல்கின்றன; வீட்டாரும் தத்தம் மூலைக்குச் செல்கின்றனர். அப்பூங்காவை ஒன்பது நாளோடு கலைத்துவிடாமல், ஒரு பலகையின்மேல் நிலையாக அமைத்து ஆண்டு முழுதும் வளர்த்தால், அதுவே சிற்றிருப்புப்பாதை.

எனினும் கொலுப் பூங்காவுக்கும் சிற்றிருப்புப்பாதைக்கும் ஒரு வேறுபாடு உண்டு, அஃது அளவு. மேல்நாட்டார் மிகுதியாகக் கையாளும் 'எச்.ஓ.' என்னும் அளவில், மெய்ப்பொருளின் 87 பங்கில் ஒரு பங்காக எல்லாவற்றையும் சுருக்குவர். 174 செண்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் அவ்வளவில் 2 செண்டிமீட்டர் உயரமே இருப்பார். நம் கொலுவிலுள்ள பால்காரர் பொம்மை 10 செண்டிமீட்டர் உயரம் எனக் கொள்வோம். அவரை இச்சிற்றூரில் இறக்கிவிட்டால், அவ்வூர்க் கணக்கில் அவர் 8.7 மீட்டர் உயரமுள்ள அரக்கராவார். நிலையத்தின் கூரை அவர் மார்பளவு வருவதே அரிது! எல்லாப் பொருளும் ஒரே அளவினால் சுருங்கினால் அன்றிக் கண் அதனை ஊர் என ஏற்றுக்கொள்ளாது.

இதனால் கணக்குப் பாடம் வீட்டிற்குள் தானே வந்து அமர்கின்றது. இருப்புப்பாதையின் இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் பல நாடுகளில் 1435 மில்லிமீட்டர். அதனை 87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 16.5 மில்லிமீட்டர் கிடைக்கும். கடையில் விற்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் அதுவே. நம் நாட்டு அகலப்பாதையோ 1676 மில்லிமீட்டர் அகலமுடையது. அதனை வகுத்தால் 19.3 வரும். ஆயினும் நம் வண்டிகளின் மாதிரிகளையும் பெரும்பாலும் 16.5 மில்லிமீட்டர்ப் பாதையிலேயே ஓட்டுகின்றனர். அங்ஙனம் ஓடும் மாதிரியில் பெட்டி சரியாக இருப்பினும் பாதை சிறிது குறுகியதே. பண்டைய மீட்டர்ப் பாதையை இவ்வளவில் அமைத்தால் அகலம் ஏறக்குறைய 11.5 மில்லிமீட்டராகும். வகுத்தலும் விகிதமும் இங்ஙனம் கையில் தொட்டறியும் பொருளாகிவிட்டால், அவற்றை மாணவர் மறப்பரோ?

அளவு கற்பிக்கும் மற்றொரு பாடம் அடக்கம். இக்காலத்துப் பயணப் பெட்டி ஒன்றின் நீளம் ஏறக்குறைய 24 மீட்டர். எச்.ஓ. அளவில் அது 27.6 செண்டிமீட்டர். 24 பெட்டிகளையுடைய விரைவுவண்டியை அவ்வாறே செய்தால் அதன் நீளம் 6.6 மீட்டருக்கு மேலாகும். நம் கூடத்திற்குள் அடங்காது. ஒரு கிலோமீட்டர்த் தொலைவே 11.5 மீட்டராக நீளும். விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் ஒரு நிலையம் வரை பாதை போடுவதற்கும் தெருவின் நீளம் போதாது. எனவே எதனை வைப்பது, எதனை விடுவது என்று வீட்டார் கூடி முடிவு செய்தல் வேண்டும். நான்கு பெட்டிகள் போதும். ஒரு நடைமேடை போதும். ஆயினும் நடைமேடையின் ஓரத்து வேப்பமரத்தை விடுதல் ஆகாது என்று பாட்டியார் சொல்லக்கூடும். விரிந்த பொருளை ஏழே சீர்களில் அடக்கிய திருவள்ளுவரைப் படிக்கும் நமக்கு, சுருக்குதல் என்பது வெட்டுதல் அன்று, தெரிந்தெடுத்தல் என்பது விளங்கும். எது நம் ஊரின் உயிர் என்று தெரிந்தவர்க்கே ஊரைச் சுருக்க இயலும்.

இனி, ஊரிலுள்ள பொருள்களை எதனால் செய்வது? தண்டவாளத்தையும் இன்ஜினையும் தவிர ஏனைய யாவற்றையும் வீட்டிலேயே செய்யலாம். அட்டையால் நிலையம் ஆகும். தீக்குச்சியால் வேலி ஆகும். பழந்துணியைப் பசையில் தோய்த்து மூடக் குன்று ஆகும். மாந்தரும் மாடுகளும் மண்ணால் ஆகும். பீங்கான் பொம்மை பிறக்கும் முறையை எம் ஊர்த் தொழிற்கூடங்களில் காணலாம். மண்ணை நீரில் கரைத்துக் குழம்பாக்கி, சாந்து அச்சினுள் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்சுவரை ஒட்டி மண் தோல்போல் படியும். வேண்டிய கனம் படிந்ததும் எஞ்சிய குழம்பை வடித்துவிடுவர். உலர்ந்தபின் பொம்மையை எடுத்துச் சீவி, 1000 பாகைக்கு மேற்பட்ட வெப்பமுள்ள சூளையில் சுடுவர். உலரும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும். பத்தில் ஒரு பங்கு சுருங்கும் மண் எனக் கொண்டால், 18 செண்டிமீட்டர் நீளமுள்ள நிலையம் வேண்டுவோர் 20 செண்டிமீட்டர் நீளத்தில் அச்சுச் செய்தல் வேண்டும். எழுத்தறியாத பழைய குயவரும் இவ்விகிதத்தைக் கைவிரலில் வைத்திருந்தனர். அவர்தம் அறிவு நம் பாடநூலின் அறிவுக்குக் குறைந்ததன்று. வீட்டில் பிசைந்து செய்த சிறு பொம்மைகளை எடுத்துச் சென்று, சூளையில் ஒரு மூலையில் வைத்துச் சுட்டுத் தருமாறு கேட்டால், அத்தொழிலாளரின் கைத்திறமும் நம் பிள்ளைகளுக்கு அறிமுகமாகும்.

வண்டி எவ்வாறு ஓடுகின்றது என்பதையும் அறிதல் வேண்டும். மின்மாற்றியின் வழியே 12 வோல்ட்டு அளவிலான நேர்மின்னோட்டத்தைத் தண்டவாளங்களுக்குச் செலுத்துவது எளிய முறை. ஒரு தண்டவாளத்தின் வழியே வந்த மின்சாரம் இன்ஜினிலுள்ள மோட்டாரைச் சுழற்றி மற்றொரு தண்டவாளத்தின் வழியே திரும்பும். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரத்தை நேரே தண்டவாளத்திற்கு இணைத்தல் உயிருக்கே இறுதியாகும். ஆதலின் மின்மாற்றியைத் தாமே செய்ய முயலாமல், தரமானதை வாங்கிப் பெரியவர் முன்னிலையில் மட்டுமே இணைத்தல் வேண்டும். மேம்பாலம் அமைப்போர்க்கு ஏற்றம் ஒரு வினாவாகும். ஒரு பாதையின்மேல் மற்றொன்று செல்ல 7.5 செண்டிமீட்டர் உயரம் வேண்டுமெனக் கொள்வோம். 40-க்கு 1 என்னும் ஏற்றத்தில் அவ்வுயரத்தை எய்த 3 மீட்டர் நீளம் தேவை. நீலகிரி மலைப்பாதையில் 12-க்கு 1 என்னும் செங்குத்தான ஏற்றம் உண்டு. சக்கரம் வழுக்குமாதலின், பாதையின் நடுவே பற்சட்டம் பதித்து, அதனை இன்ஜினின் பற்சக்கரம் கவ்வி ஏறுமாறு செய்துள்ளனர். 2005-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்ற அப்பாதையின் அருமை, மூன்றடிப் பலகையில் வண்டியை ஏற்ற முயன்று தோற்ற பிள்ளைக்கே முழுதும் விளங்கும்.

இத்துணையும் அறிவின்பாற்பட்டன. பண்பின்பாற்பட்ட பயன் இன்னும் பெரிது. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்து மோதாதிருக்கப் பண்டு ஒரு முறை வகுத்தனர். இரு நிலையங்களுக்கு இடையிலுள்ள பகுதிக்கு ஓர் அடையாளம் உண்டு. பல இடங்களில் அஃது உருண்டை வடிவானது. அவ்வடையாளத்தைக் கையில் பெற்ற ஓட்டுநரே அப்பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாம். ஏனையோர் காத்திருத்தல் வேண்டும். இம்முறையை வீட்டிலும் கைக்கொள்ளலாம். ஒரு கோலிக்குண்டே அடையாளம். அதனைக் கையில் வைத்திருப்பவர் தங்கையாயின், அண்ணன் மட்டுமன்றித் தந்தையும் காத்திருத்தல் வேண்டும். வயதும் வலிமையும் அங்கே செல்லா; முறையே செல்லும். பொறுமையைப் பற்றிப் பத்து அறிவுரைகள் கூறுவதினும், ஒரு கோலிக்குண்டுக்காக ஒருமுறை காத்திருக்கச் செய்தல் நன்று.

மேலும், இக்கலையில் எவர்க்கும் இடம் உண்டு. கணக்கு வல்லார்க்கு அளவு. கைவினை வல்லார்க்குக் கட்டடம். ஓவியம் வல்லார்க்கு வண்ணம். மின்னறிவு உடையார்க்குக் கம்பி. எழுத்து அழகாக உடையார்க்கு நிலையப் பெயர்ப்பலகையும் கால அட்டவணையும். இவற்றுள் ஒன்றும் வாராத முதியோர்க்கு என்ன இடம் என்று கேட்பீர்களாயின், அவர்க்கே முதலிடம் என்போம். விருத்தாசலத்தில் கூடும் பாதைகள் யாவும் ஒருகாலத்தில் மீட்டர்ப் பாதைகளாக இருந்தன. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடிவதற்குள் அவை அகலப் பாதைகளாயின. நாட்டிற்கு அது நன்மையே. வண்டிகள் விரைந்தன, பயணம் எளிதாயிற்று. ஆயினும் பழைய நிலையத்தின் காட்சியை இன்று காண இயலாது. நீராவி இன்ஜின் நீர் குடித்த இடம் எது, கைகாட்டி எப்பக்கம் சாய்ந்தது, குதிரைவண்டிகள் எங்கே நின்றன என்பன எல்லாம் முதியோர் நெஞ்சில் மட்டுமே எழுதப்பட்டுள்ளன. 'தாத்தா, தண்ணீர்த்தொட்டியை எங்கே வைக்கலாம்?' என்று பேரன் கேட்கும் அந்நாளில், பல்லாண்டாக எவரும் கேளாத ஒரு நூல் திறக்கப்படுகின்றது. அவர் மறைந்தபின் அவ்வினாவுக்கு விடை கூறுவார் இலர்.

இக்கலைக்கு எதிராகக் கூறப்படும் தடைகளையும் ஆராய்தல் முறை. முதல் தடை செலவு. வெளிநாட்டில் செய்யப்பட்ட இன்ஜின் ஒன்றே பல ஆயிரம் ரூபாய் பெறும். அதனை எல்லாரும் வாங்க இயலுமா? இயலாது, வாங்கவும் வேண்டா. சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்தைப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' எனத் தமிழாக்கினார். அந்நாடகத்தில் வறியவனாகிவிட்ட சாருதத்தனின் சிறுமகன், அண்டை வீட்டுச் சிறுவனின் பொற்றேரைக் கண்டு, தனக்கு அளித்த மண்தேரை வெறுத்து அழுகின்றான். வசந்தசேனை இரங்கித் தன் அணிகலன்களைக் கழற்றி அம்மண்தேரில் இடுகின்றாள். அன்பினால் செய்த செயலே அது. எனினும் அவ்வணிகலன்களே பின்னர் சாருதத்தன்மீது கொலைப்பழி சாரச் சான்றாக வந்து நிற்கின்றன. மண்தேரில் பொன் ஏறியது. பொன்னோடு துன்பமும் ஏறியது. பிள்ளையின் அழுகையை மாற்றப் பொன் தருவதினும், மண்ணால் இன்னொரு தேர் செய்யக் கற்றுக்கொடுப்பதே நிலையான வழி.

குவாலியரில் செய்விலாசு அரண்மனையின் உணவுக்கூடத்தில், மேசையின்மேல் ஓடும் வெள்ளிப் புகைவண்டி ஒன்று உண்டு. சிந்தியா மன்னர் விருந்தினர்க்கு உணவுக்குப் பின் வேண்டியவற்றை அது சுமந்து சென்றது. கண்டோர் வியந்தனர். ஆயினும் அதனைக் கண்டோர் விருந்தினர் மட்டுமே. கூடிச் செய்தோர் அக்குடும்பத்தாரல்லர். வாங்கிய வண்டி பார்ப்போரைப் பெருக்கும். செய்த வண்டி செய்வோரைப் பிணைக்கும். ஆதலின் எம் கருத்து இது: ஓர் எளிய இன்ஜின், ஒரு வட்டத் தண்டவாளம் ஆகியவற்றோடு வாங்குதலை நிறுத்திவிடுக. அதற்கும் வசதியில்லாத வீட்டார் தீப்பெட்டியால் பெட்டியும் பொத்தானால் சக்கரமும் செய்து கையால் தள்ளுக. மின்சாரம் இல்லாத குறையினால் ஊர் ஊரல்லாமல் போய்விடாது.

இரண்டாவது தடை படிப்பு. விளையாட்டில் மனம் சென்றால் பாடம் கெடும் என்று பெற்றோர் அஞ்சுவர். அளவு மீறினால் எதுவும் கெடுக்கும், அதனை மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்க நாட்டின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் நிகழ்ந்ததையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1940களில் அங்கு மாணவர் சிலர் சிற்றிருப்புப்பாதைக் கழகம் ஒன்று கண்டனர். பலகையின் மேலே வண்டிகள் ஓட, பலகையின் கீழே தொலைபேசி நிலையத்து மின்கருவிகளைக் கொண்டு வண்டிகளை ஆளும் சிக்கலான அமைப்பை உருவாக்கினர். 1950களின் இறுதியில் அக்கழகத்து மாணவர் பலர் கணிப்பொறியின்பால் ஈர்க்கப்பட்டு, அத்துறையின் முன்னோடிகளுள் சிலராயினர். கம்பியைத் தடவிப் பிழை தேடிய பழக்கம், கணிப்பொறி நிரலில் பிழை தேடவும் கைகொடுத்தது. எல்லாச் சிறுவரும் அங்ஙனம் ஆவர் என்று யாம் உறுதி கூறோம். வண்டி ஏன் நின்றது என்று காரணம் தேடும் பிள்ளை, எதற்கும் காரணம் தேடக் கற்றுக்கொள்ளும் என்பது மட்டும் உறுதி.

மூன்றாவது தடை சற்று நுட்பமானது. இக்கலையில் ஆழ்ந்த சிலர், தனியறையில் கதவடைத்துக்கொண்டு, பிறர் கை படலாகாது என்று தம் வண்டிகளைக் காப்பதுண்டு. அப்பொழுது இதுவும் கைப்பேசியைப்போல் மற்றொரு மூலையாகிவிடும். இத்தடை மெய்யானது. சிறுவர் கை படின் ஒடியும் என்று தந்தை அஞ்சும் வண்டி, அவ்வீட்டிற்குரிய வண்டியன்று. அதனை விற்றுவிட்டு மலிவானதை வாங்குதல் நன்று. பலகையைக் கூடத்தில் வைத்தல் வேண்டும். ஒடிந்ததை ஒட்டத் தெரிந்திருத்தல் வேண்டும். ஓட்டும் முறை சுழன்று வருதல் வேண்டும். இம்மூன்று விதிகளும் இல்லாத வீட்டில் இக்கலையைத் தொடங்காதிருத்தலே மேல்.

கூடிச் செய்யும் முயற்சி எத்துணைப் பெரிதாக வளரும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. செருமனி நாட்டு ஆம்பர்க்கு நகரில் பிரெடெரிக்கு பிரௌன், கெரிட்டு பிரௌன் என்னும் இரட்டையர் முனைந்து நிறுவ, 2001-ஆம் ஆண்டில் ஒரு சிற்றுலகம் திறக்கப்பட்டது. 87-இல் ஒரு பங்கு அளவில் மலைகளும் நகரங்களும் வானூர்தி நிலையமும் அமைந்த அச்சிற்றுலகம், இவ்வகையில் உலகிலேயே பெரியது எனப் போற்றப்படுகின்றது. நம் நாட்டில் புனே நகரில் பி. எஸ். ஜோஷி என்பார் தம் வாழ்நாள் ஆர்வத்தால் உருவாக்கிய சிற்றிருப்புப்பாதைக் காட்சியகம் 1998-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஒரே நகரக் காட்சியினுள் பல வகை வண்டிகள் கைகாட்டிகளுக்குக் கட்டுப்பட்டு ஓடுவதை அங்குக் காணலாம். மெய்யான இன்ஜின்களையும் பெட்டிகளையும் காண விரும்புவோர், சென்னைப் பெரம்பூரில் இரயில்பெட்டித் தொழிற்சாலையின் அருகே 2002 முதல் இயங்கும் இரயில் அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம். குடும்பத்தோடு ஒருநாள் சென்று, அளவுகோலும் குறிப்பேடும் கொண்டு பார்த்து வருதல் சிறப்பு. வேடிக்கை பார்ப்பவர்க்கு ஒரு மணி போதும். செய்யப் பார்ப்பவர்க்கு ஒரு நாளும் போதாது.

மாணவர்களே! பொழுது போக்குதல் எளிது; பொழுது ஆக்குதல் அரிது. இரண்டடி மூன்றடி அளவுள்ள ஒரு பழம்பலகை உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கக்கூடும். வரும் விடுமுறையில் அதனைக் கீழே இறக்குங்கள். உங்கள் ஊர் நிலையத்திற்குச் சென்று, நடைமேடைக்கு வெளியே நின்றவாறே அதன் முகப்பை வரைந்துகொள்ளுங்கள். தண்டவாளத்தில் இறங்குதல் ஆகாது. வீட்டிலுள்ள முதியவரிடம் அவர் நாளில் அந்நிலையம் எவ்வாறு இருந்தது என்று கேளுங்கள். அண்டைக் குயவரிடம் ஒரு கைப்பிடி மண் கேளுங்கள். அம்மாவிடம் சிறிது கேழ்வரகு கேளுங்கள். தங்கையிடம் அளவுகோலைக் கொடுங்கள். முதல்நாள் வண்டி தடம் புரளும். இரண்டாம் நாளும் புரளலாம். தண்டவாளத்தின் பொருத்தை விரலால் தடவிப் பாருங்கள்; எங்கோ ஓரிடத்தில் மயிரளவு மேடு இருக்கும். அதனைத் தேய்த்துச் சீர்செய்தபின் வண்டி வளைவைக் கடந்து நிலையத்தில் வந்து நிற்கும் அந்நேரத்தில், எட்டு மணிக்குத் தனித்தனி மூலையில் இருந்த உங்கள் வீட்டார் அனைவரும் அப்பலகையைச் சுற்றி நிற்கக் காண்பீர்கள்.